கூர்க்காவின் ஊருக்குப் போன தார்ப்பாய்: வடசென்னை சபை ஒன்றின் நேபாளப் பயணம், 2015

எங்கள் தெருவில் இரவுக் காவலுக்கு வருபவரைப் பல வருடங்களாகக் 'கூர்க்கா' என்றுதான் கூப்பிட்டு வந்தோம். தண்டையார்பேட்டையில் கூர்க்கா என்றால் ராத்திரி விசில், கையில் லத்தி, மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சில்லறை. அது ஒரு ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பதை 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி சாயங்காலம் டிவியில்தான் தெரிந்துகொண்டோம். நேபாளத்தில் கோர்க்கா மாவட்டம், பார்பாக் கிராமம். அன்று அந்த ஊர் நேரப்படி காலை 11:56 மணிக்கு அங்கேதான் 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் இருந்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். 5 லட்சம் வீடுகள் இடிந்தன. எங்கள் கூர்க்காவின் வீடும் அதே மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவில் இருந்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது அவர் ஆலய வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றார். லைன் கிடைக்கவில்லை.

அந்த வாசலில் தொடங்கிய பயணத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. மே மாதம் எங்கள் சபையிலிருந்து ஏழு பேரும் அவருமாக எட்டுப் பேர் கோர்க்கா போய்வந்தோம். கணக்கு எழுதும் வேலை என்னுடையது. இதேபோல் கிளம்ப நினைக்கும் சபைகளுக்கும் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று, நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் குவிந்த துணி

ஏப்ரல் 26 ஆராதனையில் போதகர் ஐயா அறிவிப்புக் கொடுத்தார். "நேபாளத்துக்கு உதவி, முடிந்ததைக் கொண்டுவாருங்கள்." அவ்வளவுதான் சொன்னார். புதன்கிழமைக்குள் ஆலய மண்டபத்தில் நடக்க இடமில்லை. பழைய சேலை, சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், குழந்தைகளின் உல்லன் தொப்பி என்று மூட்டை மூட்டையாக வந்திருந்தன. மனசார கொடுத்தவர்கள்தான் எல்லோரும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவர்கள். ஆனாலும் அறிவிப்பு தப்பாகப் போயிருந்தது. என்ன வேண்டும் என்று சொல்லாமல் முடிந்ததைக் கேட்டால் வீட்டில் மிஞ்சியதுதான் வரும்.

அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. துணி பிரிக்க வந்த காசிமேட்டு அக்கா ஒருவர்தான் சொன்னார். ஒரு மூட்டையை அவிழ்த்தவர், அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சுனாமி அப்போ நமக்கு வந்தது இதுதானே? நாம கேட்டது ஒரு ஸ்டவ்வும் ஒரு குண்டானும். லாரியில வந்தது யாரோ போட்டுக் கிழிச்ச பேண்ட்டு. ரோட்டுல கொட்டிட்டுப் போனாங்க. நாய் படுத்துச்சு அதுமேல."

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நேரத்தில்தான் கடல் உள்ளே வந்தது. பிறகு வந்த நாட்களில் தமிழ்நாட்டுக் கரை முழுக்கப் பழந்துணி குவிந்து, யாரும் எடுக்காமல் மழையில் ஊறிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வடசென்னைக் கரையில் வீடு போனவர்கள் பலர் திருவொற்றியூர் கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகைகளில் வருடக் கணக்கில் இருந்தார்கள். 2005 மழையில் அங்கே தண்ணீர் நின்றது. அந்த அக்காவும் அங்கே இருந்துவிட்டுத்தான் எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போனவர். கூரை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அந்தக் கூர்க்காவைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவங்க ஊருக்கு இன்னா வேணும்னு" என்று அவர் சொன்னதுதான் இந்த முழுப் பயணத்திலும் சரியான முதல் முடிவு. பணம் திரட்டியதோ டிக்கெட் எடுத்ததோ அல்ல.

கேட்டபோது கிடைத்த பதில்

ஐந்தாறு நாள் கழித்துத்தான் கூர்க்காவின் தம்பியோடு பேச முடிந்தது. சிக்னலுக்காகத் தம்பி மலைமுகட்டுக்கு ஏறிவந்து பேசினார். அம்மா உயிரோடு இருக்கிறார், மாடு இல்லை, வீடு இல்லை. அரிசி? இடிபாட்டுக்குள் இருக்கிறது, தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். துணி? இருக்கிறது. வேண்டியது மேலே போட ஏதாவது. ஜூன் பாதிக்குள் மழை பிடித்துவிடும். அந்த மலையில் வீடுகள் கல்லை அடுக்கி மண் சாந்து பூசிக் கட்டியவை, கூரையிலும் பலகைக் கல்தான். ஆட்டம் கண்டால் சுவர் விரிந்து, கூரைக் கல் அப்படியே ஆள் மேல் இறங்கும். பிழைத்தவர்களுக்கு இடிந்த கல்லுக்குள் மறுபடி போய்ப் படுக்கத் துணிச்சல் இல்லை. தார்ப்பாய், கயிறு, ஆணி, சுத்தியல், முடிந்தால் தகர ஷீட் என்று சொல்லிவிட்டு தம்பி இன்னொன்றும் சேர்த்தார். வருகிறவர்கள் கையால் வேலை செய்கிறவர்களாக இருக்கட்டும்.

இந்தப் பதிலோடு கமிட்டியில் உட்கார்ந்தோம். துணியில் நல்லதை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, மற்றதைப் பழைய துணி வியாபாரிக்குப் போட்டுக் காசாக்கினோம். கொடுத்தவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவரிடம் கேட்டுவிட்டு விற்றிருக்க வேண்டும். அது எங்கள் தப்பு.

பணத்தில் ஒரு முடிச்சு இருந்தது. ஆலயத்தின் டிரஸ்ட் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்யலாம் என்றுதான் நினைத்தோம். சபையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி தடுத்தார். 1961 வருமான வரிச் சட்டம் 11(1)(c) பிரிவின்படி அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்காது. நல்ல காரியம்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஆகவே டிரஸ்ட் பணத்தைத் தொடவில்லை. போகிறவர்களும் கொடுக்க விரும்பியவர்களும் தனித்தனியாகப் போட்ட பணம், தனி நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு செலவுக்கும் பில். பெரிய நோட்டை அங்கே கடையில் வாங்கத் தயங்குவார்கள் என்று எங்கள் கூர்க்காவான காவல்கார அண்ணன் சொன்னதால் எல்லாவற்றையும் நூறு ரூபாய்க் கட்டுகளாக மாற்றிக்கொண்டோம். நம் 100 ரூபாய் அங்கே 160. 1993-லிருந்து அதே விகிதம்தான் என்பதால் கணக்கெழுத எனக்குச் சுலபமாக இருந்தது.

இதற்கு வெளியே, தெருக்காரர்கள் ஜாதி மதம் பார்க்காமல் வசூலித்து காவல்கார அண்ணன் கையில் தனியாகக் கொடுத்தார்கள். அதை அவர் தன் வீட்டுக்கு வங்கி வழியாகவே அனுப்பினார். 2008-லிருந்து இந்திய வங்கிகளிலிருந்து நேபாள எஸ்பிஐ வழியாகக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அப்போது ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் வரை அனுப்பலாம். நாங்கள் ரயில் ஏறும் முன்பே அந்தப் பணம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யார் போவது

ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடந்தன. கை சும்மா இருக்கும் மாதம். மூன்று மீனவர்கள் வருகிறோம் என்றார்கள். ஒரு வெல்டர், ஒரு தச்சர், நான். ஏழாவதாக அந்த அக்கா.

அக்கா வருவதில் கமிட்டிக்குத் தயக்கம். மலை, குளிர், தங்க இடம் இல்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். "ஆம்பளைங்களா போனா ஊர்ல பாதிப் பேர்கிட்ட பேசவே முடியாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கைப்பிரதிகள், அதாவது சுவிசேஷத் துண்டுத்தாள்கள், எடுத்துப் போவதா என்ற கேள்வியும் வந்தது. நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது அப்போதே சட்டப்படி தடை. சட்டம் இருக்கட்டும். வீடு இடிந்து நிற்பவனிடம் ஒரு கையில் தார்ப்பாயும் மறு கையில் துண்டுத்தாளும் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனிடமிருந்து போய்விடுகிறது. சுவிசேஷம் அப்படிப் போகக்கூடாது என்று ஐயா உறுதியாகச் சொன்னார். பெட்டிக்குள் போயிருந்த ஒரு கைப்பிரதிக் கட்டை எடுத்து வெளியே வைத்தோம்.

எல்லையில் இழந்த ஒன்றரை நாள்

சென்ட்ரலில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் கிளாஸ், கோரக்பூர் வரை. மே மாத வெயிலில் அந்த ரயில் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. மே 12 மத்தியானம், உத்தரப் பிரதேசத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது ஒரே சமயத்தில் எல்லோருடைய போனும் அடித்தது. நேபாளத்தில் மறுபடியும் நிலநடுக்கம், 7.3. வீட்டிலிருந்து எல்லோரும் இறங்கித் திரும்பி வாருங்கள் என்றார்கள். காவல்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தனியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. 1950 இந்திய-நேபாள ஒப்பந்தப்படி நமக்கு விசா வேண்டாம், நடந்தே அந்தப் பக்கம் போகலாம். ஆள் போகலாம், சரக்கு போகாது. இதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

எங்களிடம் 120 தார்ப்பாய். பாரிமுனைப் பக்கம் மொத்த விலையில் வாங்கி, நல்ல சரக்கு என்று பெருமையோடு கொண்டுபோனவை. தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் நேபாள அரசு இறக்குமதி வரியை நீக்கியிருந்தது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வரும் நிவாரணம் மாவட்ட நிவாரணக் குழுவின் வழியாகத்தான் போகவேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. குழுவுக்குத் தலைவர் மாவட்டத்தின் தலைமை அதிகாரி. யாருக்குப் போகிறது, எத்தனை, எந்த ஊர் என்று அந்தக் குழுவின் கடிதம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது சபையின் லெட்டர்பேடில் ஐயா கையெழுத்துப் போட்ட ஒரு தாள். சுங்கத்தில் இருந்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து இரண்டு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் அது. அந்த வாரங்களில் காத்மாண்டு விமான நிலையத்திலும் நிவாரணப் பொருட்கள் தேங்கி, சுங்க நடைமுறையைத் தளர்த்தும்படி ஐ.நா. அதிகாரிகளே வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால், கடிதம் இல்லாமல் போன நாங்கள் காத்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கோர்க்கா பஜாரில் உள்ள ஒரு சிறு சபையின் மூப்பர் குழு அலுவலகத்துக்கு அலைந்து கடிதம் வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பினார். அதற்கு ஒன்றரை நாள் ஆனது. அதற்குள் எங்கள் வெல்டர் தம்பி அந்தப் பக்கம் பைரஹவா கடைத்தெருவை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அண்ணே, தகர ஷீட் பண்டல் பண்டலா கிடக்குது. தார்ப்பாயும் இருக்குது. கொஞ்சம் விலை கூட. அவ்ளோதான்."

விலை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். எட்டுப் பேர் ஒன்றரை நாள் எல்லையில் சாப்பிட்டுத் தங்கிய செலவும், சென்னையிலிருந்து மூட்டை ஏற்றி இறக்கிய கூலியும் அதைத் தாண்டிவிட்டது. போதாததற்கு, அங்கே வாங்கியிருந்தால் அந்த நாட்டுக் கடைக்காரருக்கு ஒரு வியாபாரமாவது ஆகியிருக்கும். மீதிப் பணம் அத்தனைக்கும் தகர ஷீட், ஆணி, கம்பி என்று புட்வலிலும் பைரஹவாவிலும் வாங்கி ஒரு லாரியில் ஏற்றினோம்.

சனிக்கிழமை ஆராதனை

நாராயண்கட், முக்லிங் வழியாகக் கோர்க்கா போய்ச் சேர்ந்தது மே 15, வெள்ளி ராத்திரி. மறுநாள் காலை அந்தச் சபையார் ஆராதனைக்குக் கூப்பிட்டார்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். ஆகவே சபைகள் கூடுவது சனிக்கிழமையில். ஏப்ரல் 25 சனிக்கிழமை. 11:56 என்றால் பல ஊர்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். சில இடங்களில் ஆலயம் இடிந்து ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தது. அதே சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் பிள்ளைகள் இல்லாமல் இடிந்தன. இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சுவர் விழுந்த ஆலயத்துக்குப் பக்கத்தில் நீலப் பாய் ஒன்றைக் கட்டி அதன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். "ஜெய்மசி" என்று கைகூப்பினார்கள். பாட்டு புரியவில்லை, ராகம் ஒன்றிரண்டு தெரிந்தவை. நாங்கள் தமிழில் கூடவே பாடினோம். அப்புறம் அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது, கடலிலிருந்து வந்தது, நாங்களும் ஜெபத்தில்தான் இருந்தோம் என்று மட்டும் சொன்னார். காவல்கார அண்ணன் அதை நேபாளியில் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்த கிழவி எழுந்துவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆராதனை முடியும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியலில் எழுதாத வீடுகள்

நிவாரணக் குழு எங்களுக்கு ஒதுக்கியது காவல்கார அண்ணனின் ஊரும் பக்கத்து ஊரும் சேர்ந்த ஒரு வார்டு. சபையிலிருந்து பணம் கொடுத்தவர்களில் சிலர், விசுவாசிகளின் வீடுகளுக்கு முதலில் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இதை அந்த மூப்பரிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "நாளைக்கு நீங்கள் போய்விடுவீர்கள், நாங்கள் இதே மலையில் இருக்கவேண்டும். எங்கள் பெயர் பட்டியலில் எங்கே வருகிறதோ அங்கே கொடுங்கள்." வார்டு பட்டியல் வரிசைப்படியே கொடுத்தோம்.

முதல் நாள் சாயங்காலம் பட்டியல் முடிந்துவிட்டதாகவே நினைத்தோம். அக்கா பெண்களோடு தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டுத் திரும்பியவர், "கீழ வளைவுக்கு அந்தாண்ட ஒம்பது குடும்பம் இருக்குதே, அதுங்க பேரு எங்க?" என்று கேட்டார். அந்தக் குழாயில் சில பெண்கள் மற்றவர்கள் எடுத்து முடிக்கும் வரை தள்ளி நின்றதைப் பார்த்து அவர்களைத் தொடர்ந்து போயிருக்கிறார். கொல்லர், தையல்காரர் வீடுகள். தீண்டாமை அங்கேயும் உண்டு. நமக்குத் தெரியாத கதையா அது? பட்டியல் எழுதியவர் வேண்டுமென்றே விட்டாரா, கீழே இறங்கிப் பார்க்காமல் விட்டாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. வார்டு ஆட்களோடு பேசி ஒன்பது பெயரையும் சேர்த்த பிறகே மறுநாள் மூட்டையை அவிழ்த்தோம். ஏழு பேரும் ஆண்களாகப் போயிருந்தால் முழுப் பட்டியலுக்கும் கொடுத்த திருப்தியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம்.

கயிறு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலையில் மத்தியானத்துக்கு மேல் காற்று எழும். ஏற்கெனவே வேறு யாரோ கொடுத்திருந்த தார்ப்பாய்கள் கயிறு கோர்க்கும் கண் கிழிந்து பறந்துகொண்டிருந்தன. எங்கள் மீனவர்கள் காசிமேட்டிலிருந்து நைலான் கயிறும் வலை ஊசியும் நரம்பும் கொண்டுவந்திருந்தார்கள். பாயின் ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்து, வலை ஓரம் கட்டுவதுபோலத் தைத்தார்கள். கண்ணில் கட்டாமல், ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்துப் பாயோடு சேர்த்துச் சுருக்கிட்டார்கள். எந்தக் காற்றிலும் அது கழலாது. இரண்டாம் நாள் ஊர்ப் பையன்கள் அந்த முடிச்சைப் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எங்களுக்கு முன்பே அடுத்த வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டிருந்தார்கள். சொல் புரியாத இடத்தில் கை பேசியது. "தாய், தாய்" என்று அவர்கள் கூப்பிட, அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் நினைத்தோம். அங்கே அது அண்ணனைக் கூப்பிடும் சொல்.

தகர ஷீட் எல்லோருக்கும் வரவில்லை. கிழவர்கள் மட்டும் இருந்த வீடுகளுக்கும் கைக்குழந்தை இருந்த வீடுகளுக்கும் முதலில் போட்டோம். தச்சரும் வெல்டரும் இடிந்த வீட்டு உத்திரங்களையே எடுத்து வளைவாகச் சட்டம் அடித்து மேலே மூடினார்கள். தற்காலிக வீட்டுக்கென்று அரசு பின்னர் குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது. அது கைக்கு வரும்வரை தாங்கினால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு.

திரும்பிப் பார்த்தபோது

ஜூனில் சபை முன் கணக்கு வாசித்தேன். ஏழு பேர் அதிகம், நான்கு பேர் போதும் என்பது என் கருத்து. மூன்று பேர் பயணச் செலவில் இன்னும் சில கூரைகள் ஏறியிருக்கும். தார்ப்பாயைச் சென்னையில் வாங்கியிருக்கக் கூடாது. நிவாரணக் குழுவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டும். பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் போதாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அரிசிக்கும் தகரத்துக்கும் பணம் போதும், ஆள் வேண்டியதில்லை. கீழ வளைவின் ஒன்பது வீடுகளைப் பணம் கண்டுபிடித்திருக்காது என்றுதான் நான் பதில் சொன்னேன். அக்கா எழுந்து, அடுத்த தடவை என்னையும் இரண்டு கயிறு கட்டுறவங்களையும் அனுப்புங்க, மத்ததெல்லாம் அங்கயே வாங்கிக்கிறோம் என்றார். கமிட்டி அதை அப்படியே மினிட்ஸில் எழுதிவைத்தது.

காவல்கார அண்ணன் எங்களோடு திரும்பவில்லை. வீடு கட்ட அங்கேயே தங்கிவிட்டார். செப்டம்பர் கடைசியில் எல்லை அடைபட்டு நேபாளத்தில் டீசலும் கேஸும் இல்லாமல் போனபோது, விறகில் சமைக்கிறோம் என்று ஒருமுறை பேசினார்.

டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி சென்னையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆலய மண்டபத்தில் தெருவே வந்து தங்கியது. நான்காம் நாள் சிக்னல் வந்ததும் முதலில் அடித்தது நேபாள நம்பர்.

"அண்ணே, வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? இன்னா வேணும், சொல்லு."

எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவிடம் போனைக் கொடுத்தேன்.